கைப்பேசியில் வரும் பணம்



'எம்-பேசா' என்ற பெயரைக் கேட்டதும், பேசாத தொலைபேசியோ என்று தமிழர்களாகிய நமக்குச் சிரிப்பு வரலாம். ஸ்வாஹிலி மொழியில் 'பேசா' என்றால் பணம். நமது பைசாவுக்கு அது உறவு என்பார்கள்.

கென்யா நாட்டில் 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சபாரிகாம் என்னும் தொலைபேசிக் கம்பெனி இந்தப் பண அஞ்சலைத் தொடங்கியது. அதற்கு முன், நைரோபியில் வேலை பார்க்கும் மகன் கிராமத்துத் தாய்க்குப் பணம் அனுப்ப, ஊருக்குப் போகும் பஸ் டிரைவரையோ நண்பரையோ நம்பியிருந்தான். போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம்! இப்பொழுதோ, பக்கத்துக் கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் அது அவன் கைப்பேசிக் கணக்கில் ஏறிவிடுகிறது. அவன் அனுப்பிய சில நொடிகளில், தாய் தன் ஊர்க் கடையில் அதை ரொக்கமாகப் பெறுகிறாள். சாதாரணக் கைப்பேசியே போதும்.

"பணம் சற்று விரைவில் போகிறது, இதனால் வாழ்க்கை உயர்ந்துவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஏழைக் குடும்பத்தின் நலத்தை அதன் வருமானத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது என்பது என் கருத்து. மழை பொய்த்த மாதத்தில், உழைப்பவர் நோயில் விழுந்த வாரத்தில் அந்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். உதவ மனமுள்ள உறவினர் முன்பும் இருந்தனர். அவர்கள் பணந்தான் உரிய வேளையில் வந்து சேரவில்லை. வில்லியம் ஜாக், டவ்னீத் சூரி என்னும் பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். இத்தகைய இடர் வந்தபோது, எம்-பேசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு 7 சதவீதம் குறைந்தது. அதைப் பயன்படுத்திய குடும்பங்களில் குறையவே இல்லை. ஏட்டில் 7 சிறிய எண். அரைவயிற்றுக்கு உண்பவனுக்கு அது ஒரு வேளைச் சோறு. 1,94,000 குடும்பங்கள் இதனால் வறுமையிலிருந்து மீண்டன என்று அவர்கள் 2016-இல் மதிப்பிட்டார்கள். பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களே அதிகப் பயன் அடைந்தன.

ஆனால் அதே கைப்பேசி வழியே கடனும் வந்தது. 2012-இல் தொடங்கிய எம்-ஷ்வாரி, 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதம் கட்டணம் வாங்கியது. மாதந்தோறும் அப்படியே வாங்கினால் ஆண்டுக்கு 90 சதவீதம்! பின்னர் எத்தனையோ கடன் செயலிகள் முளைத்தன. தவணை தவறினால், கடனாளியின் கைப்பேசியிலுள்ள எண்களைத் தேடி, உறவினரை அழைத்து அவமானப்படுத்தின சில. ஆபத்தில் பணம் அனுப்பிய அதே உறவினரை! 2021-இல் கென்யப் பாராளுமன்றம் இத்தகைய கடன் நிறுவனங்களை மத்திய வங்கியின் அதிகாரத்துக்கு உட்படுத்திச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், அந்த எண்களைக் கொண்டு தொல்லை கொடுப்பதைத் தடை செய்தன.