கெமிஸ்தத்துக்காக ஒரு வழக்கு

என்னிலும் தகுதியானவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இந்தத் தலைமைப் பொறுப்பைச் சற்றுத் தயக்கத்தோடுதான் ஏற்றேன். சுகாதாரக் கல்வியின் எதிர்காலம் என்ற மாநாட்டுப் பொருளை அமர்வுகள் கவனித்துக்கொள்ளும். நான் 1875இல் வெளிவந்த ஒரு நூலுக்காக வழக்காட வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனை இங்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவரைப் பற்றி எழுதிய அறிஞர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவர்களில் பலர் அவருடைய தமிழ்க் கலைச்சொற்களை வியந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். கெமிஸ்தம் என்ற இரசாயன நூல் அவர்களுடைய பட்டியல்களில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது. நூல்கள் வந்த ஒழுங்கைப் பாருங்கள். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும். நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்கு வேண்டியவை கைக்கு வந்துவிட்டன. கிறீன் 1873இல் அமெரிக்கா திரும்பியும் விட்டார். அதற்குப் பிறகு, 1875இல், கெமிஸ்தம் வருகிறது. 1883இல் உடற்றொழிலைப் பேசும் மனுஷ சுகரணம் வருகிறது. வரிசையை நிரப்ப வந்தவை என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சிகிச்சை முறை மட்டும் தெரிந்தவரை அவர் வைத்தியராகக் கருதவில்லை என்பதே என் வாசிப்பு.

அந்தக் கருத்து இன்றைக்கும் செல்லும் என்பதற்கு நம் கிணறுகளே சாட்சி. வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் தோட்டப் பசளையின் நைத்திரேற்று கலப்பது நீங்கள் அறிந்ததே. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம்பாயக்கூடும். கொதித்தாறிய நீர் கொடுங்கள் என்ற பாடத்தை மட்டும் மனனம் செய்தவர் தாயிடம் அதையே சொல்வார். கொதிப்பில் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். வைத்தியசாலைக்கு வந்தாலும் விரலில் மாட்டும் கருவி காட்டும் ஒட்சிசன் அளவை நம்ப முடியாது. இந்த நிலைக்கு மருந்தான மெதிலீன் நீலமோ, ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ளவரின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியது. ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் விளங்காதவருக்கு இவையெல்லாம் தொடர்பில்லாத தகவல்கள். விளங்கியவருக்கு ஒரே கதை.

இரசாயனத்தை ஆழமாகக் கற்பிக்கச் சொன்னால், உயர்தரப் பரீட்சை ஏற்கனவே பிள்ளைகளைப் பிழிகிறதே என்று கேட்பீர்கள். பிழிவது பாடத்தின் ஆழமா, பல்கலைக்கழக இடங்களுக்கான போட்டியா? இசட் புள்ளி ஒரு பிள்ளை மற்றவர்களுக்கு முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்றுதான் சொல்லும். விளங்கியதா என்று சொல்லாது. ரியூசன் கொட்டகையில் விடைகளை ஒப்புவிப்பதைக் கடினமான கல்வி என்று நானும் சொல்லமாட்டேன். தாதியருக்கு இவ்வளவு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கிளினிக்கில் அந்தத் தாய் முதலில் கேட்பது பெரும்பாலும் தாதியிடம்தான்.

கடைசி ஆட்சேபம் கருணையைப் பற்றியது. இரசாயனத்தின் நேரத்தைக் குறைத்துத் தொடர்பாடல் கற்பிக்கலாம் என்று நான் மதிக்கும் சிலரே எழுதியிருக்கிறார்கள். தொடர்பாடல் கற்பிக்கட்டும், நல்லதுதான். ஆனால் நேரத்தை வேறெங்காவது எடுக்கட்டும். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள் அம்மா என்று மிகக் கனிவாகச் சொன்னாலும் அந்தக் குழந்தைக்கு அது தவறான மருத்துவம்.