நாக்கும் ஒரு கருவிதான்

அகழாய்வு என்றதும் பலருக்குப் பொற்காசும் புதையலும்தான் நினைவுக்கு வரும். தொல்லியலாளர்களான எங்கள் கைக்கு வருவதோ பானை ஓடு. கூடை கூடையாகப் பானை ஓடு. கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றிலும் குழி எண்ணையும் ஆழத்தையும் எழுதி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்படியிருந்தும் இந்த வேலையை விட்டுப் போக மனம் வராது.

கிடைத்த துண்டு கல்லா எலும்பா என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம் தெரியுமா? மண்ணைத் துடைத்துவிட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்போம். எங்கள் துறையில் இது பழைய வழக்கம். நெடுங்காலம் மண்ணில் கிடந்த எலும்பு முழுக்க நுண்துளைகள். ஈரத்தை உறிஞ்சி நாக்கில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கல் ஒட்டாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

காலத்தைக் கணிக்க உதவும் கரித்துண்டு விஷயத்தில் நேர்மாறு. அதில் கையே படக்கூடாது. கரணை நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிந்து வைப்போம். மதுரை அருகே கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகம் வரை போனது. அதன் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தபோது தமிழ்நாடே பேசியது.

இன்னொரு பழக்கமும் எங்களைத் தொற்றிக்கொள்ளும். தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினால் நின்று எட்டிப் பார்க்காமல் நகர முடியாது. மண்ணின் நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது, கறுப்பு சிவப்பு ஓடு ஏதும் தென்படுகிறதா என்று கண் தானாகத் தேடும். கீழடியின் கதையே அப்படித்தானே தொடங்கியது! 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது வெளிவந்த பழம்பொருள்களைப் பற்றி மாணவர்கள் சொல்ல, பள்ளி ஆசிரியர் பாலசுப்பிரமணியம் அவற்றைத் திரட்டித் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். துறையில் இல்லாத ஒருவருக்கு இருந்த அந்த அக்கறையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுப்பினை ஒன்று உண்டு. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. கீறலின் பாணி ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. பலர் தத்தம் கையாலேயே கீறியிருக்க வேண்டும். அரசர் இல்லை, புலவர் இல்லை, சொந்தமாக ஒரு பானை வைத்திருந்த ஆள். அவர் பெயரை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு முதலில் காண்பவர் பெரும்பாலும் குழிக்குள் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்தான். “சார், இதுல கோடு போட்டிருக்கு!” என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும், அளவு நாடாவைப் போட்டுவிட்டு எல்லோரும் அந்தக் குழியை நோக்கி ஓடுவோம்.