ஐந்து வாக்கியக் கடிதமும் 608 மேற்கோள்களும்

இந்த அறக்கட்டளை யாருடைய நினைவைப் போற்றுகிறதோ அந்தப் பேராசிரியரின் மாணவர்களிடம் படித்தவன் நான். பொருளுக்கு வருகிறேன்.

கேள்வி இந்த அவைக்குப் புதிதன்று. ஒரு மருத்துவ ஆய்வின் தாக்கத்தை எதைக் கொண்டு அளப்பது? பிற ஆய்வாளர்கள் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதைக் கொண்டா, இணையத்தில் எத்தனை பேர் பகிர்ந்து பேசினார்கள் என்பதைக் கொண்டா? யூஜீன் கார்ஃபீல்டு 1960களில் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்த நாள்தொட்டு முதல் அளவையே ஆட்சி செய்கிறது. 2010இல் ஜேசன் பிரீமும் அவருடைய தோழர்களும் ஆல்ட்மெட்ரிக்ஸ் கொள்கை அறிக்கையை வெளியிட்ட பின் இரண்டாவதும் களத்துக்கு வந்தது. இணையக் கவனம் வெறும் சந்தைக் கூச்சல், மேற்கோள்தான் படித்தவர் தரும் தீர்ப்பு என்று என் சகாக்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். தேர்வுக் குழுக்களில் இதையே முடிவான வாதமாக வைக்கிறார்கள். முதற்பாதியைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கில்லை. பிற்பாதி தவறு என்பதை இன்று சொல்லி முடித்துவிட விரும்புகிறேன்.

1980 ஜனவரி 10 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் கடிதப் பகுதியில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் எழுதிய கடிதம் வெளிவந்தது. மொத்தம் ஐந்து வாக்கியங்கள். பாஸ்டன் கூட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் பதிவேடுகளைப் பார்த்தோம் என்கிறார்கள். மருத்துவமனையில் இருந்தபோது ஒருமுறையேனும் ஓபியாய்டு வலிநீக்கி பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில், தக்க சான்றோடு அடிமையானதாகப் பதிவானவர்கள் 4 பேர் மட்டுமே. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். அட்டவணை இல்லை. யாருக்கு எத்தனை நாள் மருந்து கொடுத்தார்கள் என்பது இல்லை. வீடு திரும்பிய பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் இல்லை. கடிதம் எழுதியவர்கள் மீது நான் குறை சொல்லவில்லை. பதிவேட்டில் கண்டதை எழுதினார்கள்; உள்நோயாளிகளைப் பற்றியே பேசுகிறோம் என்பதையும் எழுதினார்கள்.

1996இல் பர்டியூ நிறுவனத்தின் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலிநீக்கி விற்பனைக்கு வந்தது. நாட்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் வீட்டில் விழுங்கும் மாத்திரை. அடிமையாவோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று அதன் விற்பனையாளர்கள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். இந்தக் கடிதத்துக்கான மேற்கோள்கள் பெருகியதும் அந்த மருந்து வந்த பிறகுதான். மேற்கோள் காட்டியவர்கள் விற்பனையாளர்கள் அல்லர், ஆய்விதழ்களில் எழுதிய அறிஞர்கள்! 2017இல் கனடா ஆய்வாளர்கள் அந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, அதே இதழிலேயே கணக்கை வெளியிட்டார்கள். மொத்தம் 608. அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியவை 439. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டவை 491. அதே காலத்தில் அவ்விதழில் வந்த வேறு 11 கடிதங்களுக்குக் கிடைத்த மேற்கோள்களின் இடைநிலை அளவு 11தான். அமெரிக்காவில் 2017 ஓராண்டில் மட்டும் ஓபியாய்டு மிகையால் இறந்தவர்கள் 47,000க்கும் மேல். அதில் செயற்கை ஓபியாய்டான ஃபென்டனிலால் நேர்ந்த சாவுகள் பெரும்பங்கு. எல்லாவற்றையும் ஒரு கடிதத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் மருத்துவர்களின் தயக்கத்தைக் கரைத்ததில் அந்த 608க்குப் பங்கு உண்டு.

சகாக்களிடம் கேட்கிறேன்: ஐந்து வாக்கியங்களைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்தில் நான்கு பேர் ‘மருத்துவமனையில்’ என்பதை எப்படித் தவறவிட்டார்கள்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தெழுதினார் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. இதைத்தான் படித்தவர் தீர்ப்பு என்கிறீர்கள். 608 என்ற எண்ணைப் பதவி உயர்வு விண்ணப்பத்தில் எழுதினால் எந்தக் குழுவும் எழுந்து நின்று பாராட்டும். மேற்கோள் காட்டிய வாக்கியம் சரியா, பிழையா, கண்டனமா என்பதை எண்ணிக்கை காட்டாது. 2017இல் இதழாசிரியர்கள் கடிதத்தின் மேல் எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். 37 ஆண்டுகள் கழித்து.

இணையத்துக்கு வருவோம். 2020 மே 22 அன்று கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்று லான்செட் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பரவியது. சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனம் அம்மருந்துக்கான சோதனையை நிறுத்திவைத்தது. கட்டுரைக்கு அடிப்படையான சர்ஜிஸ்பியர் நிறுவனத்தின் தரவுகளில் ஓட்டைகள் இருப்பதை ஆய்வாளர்கள் பொதுவெளியிலேயே அடுக்கினார்கள். ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கூச்சல் பரப்பியது உண்மை, அதே கூச்சல் பிடித்துக் கொடுத்ததும் உண்மை. அதற்காக ட்வீட்டுகளை எண்ணச் சொல்லவில்லை. ட்வீட்டுக்கும் மேற்கோளுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிது என்பதை ஸ்டெபானி ஹவுஸ்டைன் குழுவினர் 2014இல் சுமார் 14 லட்சம் உயிர்மருத்துவக் கட்டுரைகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு எண்களும் வேறுவேறு செய்திகளைச் சொல்கின்றன. இரண்டையுமே திறந்து பார்க்க வேண்டும்.

நேரம் கருதிச் சிலவற்றைக் குறிப்பாக மட்டும் சொல்கிறேன். தேர்வுக் குழு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பத்து மேற்கோள் வாக்கியங்களையாவது எடுத்துப் படிக்கலாம். முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளில் மேற்கோள்கள் மூலத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒரு துறையேனும் சோதிக்கலாம். சிகிச்சை நெறிமுறைகளில் ஓர் ஆய்வு இடம்பெறுவதைத் தனியே கணக்கிட வேண்டும். தமிழில் வாட்ஸ்அப் வழி பரவும் மருத்துவச் செய்திகள் எந்த ஆல்ட்மெட்ரிக் கணக்கிலும் வருவதில்லை. அதற்கு வேறு முறை காண வேண்டும். காசநோயாளிகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்று சென்னைக் காசநோய் மருந்துச்சிகிச்சை மையம் 1959இல் காட்டிய ஆய்வு, எந்தெந்த நாடுகளின் சானடோரியங்களை மூட வைத்தது என்பதை யாராவது ஆவணங்களைக் கொண்டு தொடர்ந்து பார்க்கலாம். இந்த அறக்கட்டளையே அதற்கு ஓராண்டு உதவித்தொகை ஒதுக்க முடியுமானால் நூலகத் துறையும் சமூக மருத்துவத் துறையும் சேர்ந்து வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.