ஆட்சியை எடைபோடும் வாக்கு



2020 நவம்பரில் ஃபுளோரிடா மக்கள் அதிபர் தேர்தலில் டிரம்பை ஆதரித்தார்கள். அதே வாக்குச்சீட்டில், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் தீர்மானத்துக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவளித்தார்கள். 2024இல் மிசௌரியில் டிரம்புக்குப் பெருவெற்றி. அன்றே 15 டாலர் கூலியும் கருக்கலைப்பு உரிமையும் மக்கள் வாக்கில் தேறின. இவர்களை இடதுசாரி என்பதா, வலதுசாரி என்பதா?

அமெரிக்கா வலப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் திரும்பியது என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் எழுதுகிறோம். நான் இதை ஏற்கவில்லை. 1964இல் ஜனநாயகக் கட்சியின் ஜான்சன் 61 விழுக்காடு பெற்றார். 1972இல் குடியரசுக் கட்சியின் நிக்சனும் ஏறத்தாழ அதே அளவு பெற்றார். எட்டே ஆண்டுகளில் ஒரு தேசம் தன் கொள்கையைத் தலைகீழாக்கிக் கொள்வதில்லை. இடையில் வியட்நாம் போர் வந்தது, நகரங்களில் கலவரம் வந்தது, ஆட்சியின் மீது வெறுப்பு வந்தது.

மிச்சிகனின் டெட்ராய்டு நகருக்கு வடக்கே மெக்கோம்ப் கவுண்டி என்ற மாவட்டம் இருக்கிறது. கார்த் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. 1960இல் கென்னடிக்கு அள்ளிக்கொடுத்த அந்த மக்கள் 1984இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கைக் குடியரசுக் கட்சியின் ரீகனுக்குத் தந்தார்கள். காரணம் அறிய, ஸ்டான்லி கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஜனநாயகக் கட்சி தங்களைக் கைவிட்டுவிட்டது என்ற ஆற்றாமையை அவர் கேட்டார். கறுப்பின மக்கள் மீதான காழ்ப்பும் அதில் கலந்திருந்தது; அதையும் அவர் பதிவு செய்தார். அதே மெக்கோம்ப் 2008இலும் 2012இலும் ஒபாமாவை ஆதரித்தது என்பதை இங்கே மறக்கலாகாது. 2016இல் டிரம்ப் அங்கே 48,000 வாக்குக்கு மேல் முந்தினார். மிச்சிகன் மாநிலம் முழுவதிலும் அவர் பெற்ற முன்னிலை 10,704 வாக்குதான்!

இந்த ஆற்றாமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. நாஃப்டா என்ற வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்துக்கு இரு கட்சிகளின் அதிபர்களும் துணைநின்றார்கள். ஆலைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர் தொழிலாளி. அவர் கையில் இருந்த கருவி ஒன்றே: ஆள்பவரை மாற்றுவது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. மளிகைக் கடையில் அந்த விலையைக் கொடுத்தவர்கள் 2024இல் ஆளுங்கட்சியைத் தண்டித்தார்கள்.

பெரும்பாலோர் கட்சி மாறுவதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாறுபவர் சிலரே. பெரும்பாலான மாநிலங்களில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் அங்கே வென்றவருக்கே மொத்தமாகப் போகும் முறையால் அந்தச் சிலரே ஆட்சியை மாற்றிவிடுகிறார்கள். 2016இல் மூன்று மாநிலங்களில் 80,000க்கும் குறைந்த வாக்குகள் முடிவைத் தீர்மானித்தன. 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வெள்ளை மாளிகையை வைத்திருந்த கட்சி தோற்றது.

தேர்தல்களை ஆய்வு செய்யவிருக்கும் மாணவர்களை ஒன்று வேண்டுகிறேன். தொலைக்காட்சி காட்டும் சிவப்பு, நீல வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். கவுண்டிவாரி முடிவுகளையும், அதே நாளில் மக்கள் வாக்குக்கு வந்த தீர்மானங்களின் முடிவுகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.