பருமனும் பரம்பரையும்

உத்தியோக நிமித்தமாகத் தமிழகத்தை விட்டு ஹைதராபாத்தில் குடியேறியவர்கள் நம்மில் பலர். நம்மைப் போலவே அங்கிருந்து இங்கு வந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் உண்டு. 1918ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அப்பணி வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. அன்று அதன் கவலை உணவுக் குறைவால் வரும் நோய்கள். இன்று உணவு மிகுதியால் வருவனவும் அதனோடு சேர்ந்துகொண்டன.

அவற்றுள் ஒன்றுக்கு வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்று பெயர். இடுப்புச் சுற்றளவு, இரத்தக் கொதிப்பு, வெறும் வயிற்றில் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஆகியவை மிகுந்திருத்தல், நன்மை தரும் கொழுப்பு குறைந்திருத்தல் ஆகிய ஐந்தில் மூன்று ஒருவரிடம் கூடினால் அது இத்தொகுதியாகும். நீரிழிவும் மாரடைப்பும் இதன் வழியே வருகின்றன.

ஆனால் பருத்தவர் எல்லாருக்கும் இது வருவதில்லை. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் நலமாயிருக்க, மற்றவர் நாற்பது வயதிலேயே மாத்திரைக்கு ஆளாகிறார். இது ஏன்?

உடலில் கொழுப்பைச் சேமிக்கும் இடம், நம் முன்னோர் வீட்டு நெற்குதிரை ஒத்தது. தோலுக்கடியில் உள்ள குதிர் பெரிதாயின், மிகுதியான கொழுப்பு அங்கே தீங்கின்றித் தங்கும். சிறிதாயின் விரைவில் நிரம்பி வழிந்து, வயிற்றினுள்ளும் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்து, இன்சுலினின் வேலையைத் தடுக்கும். குதிரின் அளவு ஓரளவு பிறப்பிலேயே அமைகிறது. கைகால்களில் கொழுப்பைச் சேர்க்கும் திறனைக் குறைத்து, அதனாலேயே நோயைக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் பல உள்ளன என்பதை 2017இல் வெளியான பேராய்வு ஒன்று காட்டிற்று.

இந்தியர்க்கு இது முக்கியமான செய்தி. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம்மையே அளந்து வெளியிட்டனர். எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் கண்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண் இருவருக்கும் 22.3 தான். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, நம்மவரிடத்தில் 21.2! சட்டைக்குள் ஒளிந்திருந்த வேறுபாடு இது.

யாஜ்னிக்கின் குழுவினரோடு இணைந்து ஆராய்ந்தவர், உப்பல் சாலையிலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானி சண்டக். பருமனுக்குக் காரணமாக 2007இல் ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்ட மரபணு எஃப்.டி.ஓ. தந்தை, தாய் இருவர் வழியிலும் அதன் தீய வடிவைப் பெற்றவர், சராசரியாக மூன்று கிலோ கூடுதல் எடை கொண்டிருந்தனர். ஐரோப்பியரிடத்தில் அது எடையைக் கூட்டியே நீரிழிவை விளைத்தது. நம்மவரிடத்திலோ, எடையைக் கணக்கில் கழித்த பின்னும் அத்தொடர்பு முற்றிலும் மறையவில்லை என்று 2009இல் இவர்கள் கண்டனர்.

“எங்கள் வம்சமே இப்படி” என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட இதில் இடமில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, உடலுழைப்பு உள்ளவரிடத்தில் அம்மரபணு பருமனுக்கு வழிசெய்யும் வலிமை ஏறத்தாழ நூற்றுக்கு 27 பங்கு குறைகிறது. முழுதும் போய்விடுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மரபணுச் சோதனைக்குப் பணம் செலவிடுமுன் தையற்காரரின் அளவு நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது குடும்ப வரலாறு. ஊரை விட்டு வந்த நமக்குப் பலசமயம் தெரியாமற் போவதும் அதுவே. அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது, பாட்டனாருக்கும் அத்தைமாருக்கும் எந்த வயதில் என்ன நோய் கண்டது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.