சிறிய டிராக்டருக்கு ஏற்ற புல்வெட்டி



சிறிய டிராக்டர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டால் பெரிய காரியம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பூசையும் செய்துவிடுகிறோம். ஆனால், டிராக்டர் தானாக ஒரு வேலையும் செய்வதில்லை. அதன் பின்னே எதைப் பூட்டுகிறோமோ அதுதான் சம்பாதித்துத் தருகிறது. செம்பனைக் காட்டிலே புல்லும் புதரும் வெட்டுவதற்கு என்ன பூட்டலாம், எதைப் பூட்டக்கூடாது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்திலே 1917ஆம் ஆண்டு வணிக முறையில் செம்பனை பயிரிடத் தொடங்கிய நாள் முதல், மரத்தடியையும் நடைபாதையையும் துப்புரவாக வைத்திருந்தவை நம் கைகள்தாம். முதலில் மண்வெட்டியும் கத்தியும் பிடித்த கைகள். பிறகு மருந்து அடித்த கைகள். அந்த மருந்து வேலையில் பெரும்பகுதி நம் தாய்மார்கள் தலையில்தான் விழுந்தது. நகம் கறுத்து உதிர்ந்ததும் மூக்கிலே இரத்தம் வடிந்ததும் லயத்தில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. பாராகுவாட் என்னும் மருந்து வயிற்றுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் 2002இல் அதற்குத் தடை வந்தது. 2006இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் அது அறவே நிறுத்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் மருந்து நின்றதற்காகப் புல் நிற்குமா? வெட்டும் வேலை கூடியிருக்கிறது. குத்தகைக்குப் புல் வெட்டிக் கொடுக்கும் குடும்பங்களுக்கு அதிலே வருமானமும் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனார் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில், 24 குதிரைச் சக்தியுள்ள பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினார். மகன் ஓட்டுவதாக ஏற்பாடு. பிறகு ஒரு பட்டறையிலே ஆறடி அகலப் புல்வெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. "அகலமாய் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்" என்று விற்றவர் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதல் வாரத்திலேயே டிராக்டர் கரும்புகை கக்கியது, தண்ணீர் கொதித்தது. மேட்டிலே ஏறும்போது முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. பையன் எப்படியோ நிறுத்திவிட்டான். இரண்டு மாதத்துக்குள் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு நாலடிப் புல்வெட்டி வாங்கும்படி ஆயிற்று.

தவறு எங்கே நடந்தது? டிராக்டரின் மூடியில் 24 என்று எழுதியிருந்தால் அது எஞ்சினின் பலம். பின்னால் சுழலும் தண்டுக்கு, அதாவது நாம் பி.டி.ஓ. என்று சொல்லும் தண்டுக்கு, அவ்வளவும் வந்து சேருவதில்லை. வழியிலே கொஞ்சம் செலவாகி 19 அல்லது 20தான் மிஞ்சும். சுழல்கத்திப் புல்வெட்டிக்கு ஓரடி அகலத்துக்கு ஐந்து குதிரைச் சக்தி என்பது பட்டறைக்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் கணக்கு. நாலடிக்கு 20, ஆறடிக்கு 30. இருபதை வைத்துக்கொண்டு முப்பதுக்கு ஆசைப்பட்டால் எஞ்சின்தான் அழும். அதற்காக மிகவும் குறுகலானதையும் வாங்கிவிடக் கூடாது. டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களின் வெளிப்புறத்தையும் புல்வெட்டி மூட வேண்டும். இல்லையென்றால் சக்கரம் அமுக்கிய புல் வெட்டுப்படாமல் கிடந்து மறுநாள் எழுந்து நிற்கும்.

செம்பனையை ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். நிரைக்கு நடுவிலே குலை இழுக்கும் பாதைக்குப் போக ஒரு முறை, வர ஒரு முறை ஓட்டினால் நாலடிப் புல்வெட்டியே போதும். பாதையைத் தவிர்த்த இடத்தையெல்லாம் மொட்டையடிக்கத் தேவையும் இல்லை. பன்னத்தையும் மெல்லிய புல்லையும் விட்டுவைப்பது மண்ணுக்கு நல்லது. சில பூச்செடிகளை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். செம்பனை இலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அவைதாம் தீனி. அவற்றின் மேல் ஏற்றி ஓட்டிவிட்டு, "சுத்தமாக வெட்டிவிட்டோம்" என்று நின்றால் மண்டோர் பாராட்ட மாட்டார். லாலாங் விஷயமும் இப்படித்தான். அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் கிழங்கில் இருக்கிறது. மேலே வெட்ட வெட்டத் தளிர்க்கும். அதை ஒழிக்கப் புல்வெட்டியை நம்பிப் பயனில்லை.

இனி, எந்த வகை? ஒரு வகையில் பெரிய தட்டின் அடியிலே இரண்டு கத்திகள் கீலிலே தொங்கிச் சுழலும். கட்டை தட்டினால் கத்தி பின்வாங்கிக்கொள்ளும். விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது, முற்றிய புதரையும் வெட்டும். அதன் குறை, கல்லையும் கட்டையையும் வெளியே வீசுவது. நூறு மீட்டர் தூரத்தில் நிற்பவரையும் அது அடிக்கக்கூடும். ஆகவே முன்னும் பின்னும் சங்கிலித் திரை தொங்குகிறதா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். மற்றொரு வகையில் ஓர் உருளையைச் சுற்றிச் சிறுசிறு கத்திகள் இருக்கும். புல்லை நன்றாகப் பொடியாக்கும், கல் வீசுவதும் குறைவு. வீட்டோரம், பள்ளிக்கூடத் திடல், சாலையோரம் என்று மனிதர் நடமாடும் இடத்துக்கு இதுவே மேல். ஆனால் விலை அதிகம், அதே அகலத்துக்குப் பலமும் அதிகம் கேட்கும், தீட்ட வேண்டிய கத்திகளும் ஏராளம். செம்பனைக் காட்டுக்கு முதல் வகையே போதும் என்பது நம் கருத்து.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மூடுபயிராக விடும் முக்குனா போன்ற கொடிகள் கத்தித் தண்டிலே சுற்றிக்கொண்டு கியர் பெட்டியின் எண்ணெய் அடைப்பை அறுத்துவிடும். எண்ணெய் கசிந்து தீர்ந்ததும் கியர் பெட்டியும் போய்விடும். கொடிக்காட்டில் ஓட்டினால் ஒவ்வொரு நாளும் எஞ்சினை நிறுத்திவிட்டு, தட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அடியிலே சுற்றியதை வெட்டி எடுக்க வேண்டும். தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கையை மட்டும் நம்பி யாரும் அதன் கீழே தலையை நீட்டக் கூடாது.

கத்தி பாறையிலோ அடிமரத்திலோ மோதினால் அதிர்ச்சியைத் தாங்க ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். சிலவற்றில் முறியும் போல்ட் இருக்கும். சிலவற்றில் நழுவும் கிளட்ச் இருக்கும். போல்ட் மலிவு. பத்துப் போல்ட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் முறிந்ததும் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டை மாட்டுகிறார்களே, அதுதான் தப்பு. போல்ட் முறியாவிட்டால் கியர் முறியும். நழுவும் கிளட்ச் மழையில் நின்று துருப்பிடித்து இறுகிவிட்டால் இருந்தும் இல்லாதது போல்தான். குளிர் நாடுகளிலே இதே சிறிய டிராக்டரில் பனியை வாரி வீசும் எந்திரத்தைப் பூட்டுகிறார்கள். அங்கேயும் உறைந்த பனிக்கட்டி சிக்கினால் முதலில் முறிவது இந்தச் சின்னப் போல்ட்தான்.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கிளட்சை மிதித்தாலும் பின்னால் சுழலும் கனத்த கத்தி உடனே நிற்பதில்லை. அந்த வேகம் திரும்பிவந்து டிராக்டரையே முன்னால் தள்ளும். கால்வாய் ஓரத்தில் நிறுத்த நினைத்த டிராக்டர் கால்வாய்க்குள் இறங்கும். சைக்கிளின் பிரீவீல் போல ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் சிறிய பூட்டு ஒன்று கடையில் கிடைக்கிறது. அதைத் தண்டிலே மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முன்சக்கரம் எழும்பியதாகச் சொன்னோமே, அதற்கும் வழி உண்டு. நாலடிப் புல்வெட்டியே ஏறக்குறைய 200 கிலோ எடை. அது பின்னே தொங்கும்போது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். குறைந்தால் முன்னே எடைக்கட்டி மாட்ட வேண்டும். திருப்பும் சக்கரம் தரையைத் தொடாவிட்டால், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதும் கும்பிட்டுக்கொண்டிருப்பதும் ஒன்றுதான். மட்டை இடிக்கிறதென்று தலைக்கு மேல் உள்ள காப்புக் கம்பியை மடக்கிவிட்டு ஓட்டுவதையும் பார்க்கிறோம். டிராக்டர் கவிழும்போது ஓட்டுபவரைக் காப்பது அந்தக் கம்பிதான். இடிக்கும் மட்டையை வெட்டுங்கள், கம்பியை மடக்காதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பின்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. தலைத்துண்டின் நுனியோ, கைலியின் ஓரமோ, அவிழ்ந்த கூந்தலோ மாட்டினால் ஐயோ என்று சொல்லவும் நேரம் இராது. தண்டின் மேலே பிளாஸ்டிக் உறை உடையாமல் இருக்க வேண்டும். உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள் சுழலும் தண்டைத் தாண்டிப் போகவே கூடாது. மாலையிலே வீடு திரும்பும் டிராக்டரின் சக்கர மூடியில் பிள்ளைகளை உட்கார வைப்பது நம்மிடையே ஒரு செல்லம். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, நடந்தே வரட்டும்.

கடைசியாக, வாங்கும் நாளன்று செய்ய வேண்டியது. டிராக்டரைக் கடைக்கே ஓட்டிச் செல்லுங்கள். புல்வெட்டியைப் பூட்டி, எஞ்சினை நிறுத்தியபடியே தண்டைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று புகும் அந்தத் தண்டு நீளமாக இருந்தால், தூக்கும்போது முட்டிக் கியர் பெட்டியை உடைக்கும். குட்டையாக இருந்தால் ஓடும்போதே கழன்றுவிடும். மெதுவாக மேலே தூக்கியும் கீழே இறக்கியும் இரண்டு நிலையிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நீளம் மிஞ்சினால் அளவோடு அறுத்துத் தருவது கடைக்காரர் வேலை. அதை முடித்துத் தரும் வரை பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.