ஸ்பொன்சர் கட்டவேண்டிய காசை நாங்கள் ஏன் கட்டுறம்?

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் பெரிய பேச்சாளன் அல்ல. ஏ.எல். ஓடு படிப்பு நின்றது. இங்கே வருவதற்கு முன் சார்ஜாவில் அலுமினிய யன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் நாலு வருடம் வேலை செய்தனான். இன்றைக்கும் எங்கடை பிள்ளைகள் டுபாய்க்கும் கட்டாருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கினம். போக முதல் போன் வாறது எங்களுக்கு. "அண்ணை, விசா வந்திட்டுது, ஏஜென்சிக்குக் காசு கட்டவேணும்." நாங்களும் ஓவர்டைம் செய்து அனுப்புறம். அந்தக் காசைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டவர் வேலை செய்ய ஒரு முதலாளி பொறுப்பு நிற்கவேண்டும். இதைக் 'கஃபாலா' என்பார்கள். இது முதலாளிக்கு ஆளைக் கட்டிவைக்கும் உரிமை என்று பலர் நினைச்சுக்கொண்டிருக்கினம். ஆனால் பொறுப்பு என்றால் கடமை.

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் தொழிற்சட்டம் (2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கம்) 2022 பெப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. ஆளைத் தெரிவுசெய்து கொண்டுவரும் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்று அது சொல்கிறது. தங்குமிடம் அல்லது அதற்கான படி, மருத்துவச் செலவு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. வேலை முடிந்தால் ஊர் திரும்பும் ரிக்கற்றும் அவருடையது. தொழிலாளி வேறு கொம்பனிக்கு மாறினால், அல்லது அவரின் பிழையால் வேலை போனால் மட்டும் அது இல்லை. ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடங்களுக்கும் வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேல் 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாக உண்டு. சம்பளத்தை வங்கி வழியாகச் செலுத்தும் முறை 2009 இல் வந்தது.

பாஸ்போட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது. நான் இருந்த இடத்தில் எல்லாருடைய பாஸ்போட்டும் மனேஜரின் அலுமாரிக்குள் கிடந்தது. அப்பவும் அது சட்டவிரோதம்தான். ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. ஏன்? எல்லாருக்கும் ஊரிலை கடன். தாயின் தாலிக்கொடி அடைவிலை. கடன்பட்டுப் போனவன் சம்பளம் வராவிட்டாலும் வாய் திறக்கமாட்டான். ஸ்பொன்சர் கட்டுவதைவிட இந்தக் கடன்தான் அவனை இறுக்கிக் கட்டுது.

வீட்டுவேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிச்சட்டம் இருக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வு அவர்களின் உரிமை. பாஸ்போட்டும் அவர்களின் கையில்தான் இருக்கவேண்டும்.

கட்டாரில் 2020 இலிருந்து பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம். 2021 மார்ச்சிலிருந்து குறைந்த சம்பளம் 1000 ரியால். சாப்பாடும் தங்குமிடமும் குடுக்காவிட்டால் அதற்கு மேலே 800 ரியால் குடுக்கவேணும்.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்தவன்தான் கேட்பான். ஆகவே காசு அனுப்ப முதல் மூன்று விடயம் பாருங்கோ.

ஒன்று, எமிரேட்ஸ் வேலைக்கான நியமனக் கடிதத்தைத் தமிழிலும் பெறலாம். அதன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, சம்பளத்தையும் வேலையையும் நீங்களே வாசியுங்கோ. அங்கே போனபின் தொழிலாளிக்குப் பாதகமாக அதை மாற்ற முடியாது. இரண்டு, 'விசிட் விசாவில் போ, பிறகு மாத்தலாம்' என்றால் ஒரு சதமும் அனுப்பாதேங்கோ. விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். அனுமதியின்றி ஆளை வைத்திருக்கும் முதலாளிக்கு 2024 இலிருந்து ஒரு இலட்சம் தொடக்கம் பத்து இலட்சம் திர்ஹாம் வரை தண்டம். மூன்று, ஏஜென்சிக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கோ.

எமிரேட்ஸில் பிரச்சினை வந்தால் தொழில் அமைச்சின் 80084 இலக்கத்துக்கு அழைக்கலாம். போகும் பிள்ளையிடம் இதை எழுதிக் குடுங்கோ.

நாங்கள் காசு அனுப்பாமல் விடவேணும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கடுதாசியை வாசிச்சுப்போட்டு அனுப்புவம் என்றுதான் கேட்கிறேன்.